எட்டுப் பட்டை ஸ்பேனர்

சிறுமி மிளகின் அப்பா மூன்று ஸ்பேனர்கள் வாங்கிவிட்டார். மூன்றும் பொருந்தவில்லை.

முதல் ஸ்பேனரின் வாய் பெரிது. நட்டில் மாட்டினால் தொளதொளவென்று ஆடியது. இரண்டாவது அப்பா சரிசெய்துகொண்டிருந்த பழைய காருக்கு உரியதுதான், ஆனால் அடுத்த வருடம் வந்த மாடலுக்கு. மூன்றாவதில் கார் கம்பெனியின் முத்திரை அழகாக இருந்தது. அப்பா ஓர் ஆணியால் லேசாகக் கீறினார். முத்திரை அப்படியே உரிந்து வந்தது.

"ஒரிஜினல்னு சத்தியம் பண்ணி வித்தான்மா," என்றார் அப்பா.

அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தாத்தாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பச்சை நிறம், இரண்டே இருக்கைகள். அதை ஓட வைக்க அப்பா மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காரோடு வந்த பழைய கருவிகள் ஒன்றுகூட அதில் இல்லை. ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. ஜாக்கி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. காற்றடிக்கும் பம்ப் வெளியூரிலிருந்து பார்சலில் வந்தது. பின்சக்கரத்தின் பெரிய நட்டைக் கழற்றும் எட்டுப் பட்டை ஸ்பேனர் மட்டும் கண்ணில் படவே இல்லை. அந்த நட்டைக் கழற்றாமல் பிரேக்கைச் சரிசெய்ய முடியாது.

சனிக்கிழமை மதியம் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போதும். நாளைக்கு வெல்டர் வர்றாரு. நட்டை அறுத்துடலாம்."

"வேற நட்டு கிடைக்குமாப்பா?"

"கிடைக்காது. ஏதோ ஒண்ணை மாட்டி வண்டியை வித்துட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அப்பா காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். மிளகுக்கு அழுகை வந்தது. அவள் நேராக அம்மாவிடம் போனாள்.

"அந்த ஸ்பேனர் உலகத்துல யார்கிட்டயுமே இல்லியாம்மா?"

அம்மா துணி மடிப்பதை நிறுத்தினார். "இருக்கு. உங்க பெரியப்பாகிட்ட."

தாத்தா இறந்த பிறகு, காரை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிக்குள் பெரிய சண்டை. கடைசியில், "வண்டி உனக்குன்னா பை எனக்கு" என்று பெரியப்பா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைக் குனிந்து பார்ப்பார். மற்றவர் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

"அப்பா போய்க் கேட்டா என்ன?"

"இவர் கேக்க மாட்டாரு. கேக்காம அவர் தர மாட்டாரு. ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது," என்றார் அம்மா.

மிளகு அந்தப் போலி ஸ்பேனரைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பெரியப்பாவின் பூட்டுச் சாவிக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இது ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "உங்கப்பனை எவன் ஏமாத்தினான்?"

பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கித்தான் பையை இறக்கி, நாடாவை அவிழ்த்து, மேசைமேல் விரித்தார். ஒவ்வொரு கருவியும் அதனதன் உறையில் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. நடுவில் எட்டுப் பட்டை ஸ்பேனர்.

"இதுதான் ஒரிஜினல். முத்திரையை இரும்புலயே அடிச்சிருக்கான் பாரு. வாரா வாரம் எண்ணெய் போட்டுடுவேன்."

"ஆனா மாட்டிப் பார்க்க உங்ககிட்ட வண்டி இல்லியே."

பெரியப்பா ஸ்பேனரின் முத்திரையை விரலால் தடவினார்.

"நாளைக்கு அப்பா அந்த நட்டை அறுக்கப் போறாரு. அப்புறம் காரை விக்கப் போறாரு."

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "எங்கப்பா வண்டியையா? உன்னை அவன்தான் அனுப்பினானா?"

"இல்ல. அப்பாவுக்குத் தெரியாது."

அவர் பையை மெல்லச் சுருட்டினார். "இந்தப் பையை யார் கையிலயும் குடுக்க மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

மிளகு அந்தப் பையையே பார்த்தாள்.

"குடுக்க வேண்டாம் பெரியப்பா. பை உங்க கையிலயே இருக்கட்டும். நீங்க அதோட வாங்க."

பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "வாயைப் பாரு," என்று சொல்லிவிட்டு மறுபடி சாவியை ராவத் தொடங்கினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை வெல்டர் வந்துவிட்டார். மிளகு வாசலுக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்தாள். தெருவில் யாரும் இல்லை. வெல்டர் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். வேறு வழி தெரியாமல் அவள் போய்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா, நகரு. தீப்பொறி படும்."

"கொஞ்ச நேரம், அங்கிள்."

"எந்திரிம்மா. பிடிவாதம் பிடிக்காத," என்றார் அப்பா.

அப்போது வாசல் கேட் கிறீச்சிட்டது. பெரியப்பா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா சிலை மாதிரி நின்றார். "யார் கூப்பிட்டா?" என்று முணுமுணுத்தார்.

"உன்னைப் பார்க்க யார் வந்தா? நான் பைக்குத் துணையா வந்தேன்."

வெல்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்," என்று நழுவிவிட்டார்.

ஸ்பேனர் நட்டில் இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. ஆனால் இறுகிப்போன நட்டு ஒருவருக்கு அசையாது. ஒருவர் ஸ்பேனரை அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் அதன் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி மிதிக்க வேண்டும்.

"பிடிச்சாச்சா?" என்றார் பெரியப்பா.

"பிடிச்சாச்சு. மிதிக்கலாம்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

மூன்றாவது மிதியில் நட்டு டக்கென்று திரும்பியது. அப்பாவின் விரல் வழுக்கித் தோல் உரிந்தது.

"கையைக் காட்டுடா," என்று பெரியப்பா பதறிப்போய் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். அப்பா கையை இழுக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. விரல் வலியால் மட்டும் அல்ல என்று மிளகுக்குத் தெரிந்தது.

பெரியப்பா ஸ்பேனரைத் துடைத்து, பையில் வைத்து, நாடாவைக் கட்டினார். பையோடு வாசல் பக்கம் நான்கடி வைத்தார்.

"பிரேக் வேலை இன்னும் ஒரு வாரம் இழுக்கும்ணே," என்றார் அப்பா.

அப்பா ஒருவரை அண்ணன் என்று கூப்பிட்டு மிளகு கேட்டதே இல்லை.

பெரியப்பா நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"ஒரு வாரம் இதைத் தூக்கிட்டு அலைய முடியாது," என்று சொல்லி, பையைக் காரின் டிக்கிக்குள் வைத்து மூடினார். "நாளைக்குச் சாயங்காலம் கடையைச் சாத்திட்டு வர்றேன்."

மிளகு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள். பெரியப்பா இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு தெருவில் நடந்து போனார்.