குழாயில் தொலைந்த காற்று

மூன்று நாளைக்கு முன்தான் மாட்டிய ஸ்பார்க் பிளக்குகள். கழற்றித் துணிமேல் வைத்தபோது நான்கும் அடுப்புக்கரியாக இருந்தன. மெக்கானிக் விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவு போல ஒட்டியது. பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது, முழுதும் எரியாமல் கரும்புகையாகிறது. மூன்றாவது தடவையாக அதே கோளாறு.

முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மத்தியான மழை தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சாரலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்ததில் பெட்ரோல் நெடியும் ஈரச் சாக்கின் வாடையும் பழைய கிரீஸின் மணமும் வெளியேற வழியில்லாமல் அவர் தலையைச் சுற்றியே நின்றன. சாப்பிட வரச்சொல்லி மனைவி இரண்டு முறை போன் செய்துவிட்டாள். இதோ கிளம்பிவிட்டேன் என்று இரண்டு முறையும் பொய் சொன்னார்.

கார் ஒரு நர்ஸுடையது. பல கை மாறி அவளிடம் வந்தது. யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி இருக்கிறது, ஊற்ற ஊற்றக் குடிக்கிறது என்று காலையில் அலுத்துக்கொண்டு விட்டுப் போனாள். சென்சார் மாற்றியாயிற்று. இஞ்செக்டர்களைச் சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் அழுத்தமும் சரி.

அப்படியானால் காற்று. ஸ்கேனரில் பார்த்தார். காற்றை இழுக்கும் முனையில் இருக்கும் மீட்டர் வழியாக அது சரியாக நுழைகிறது, அதற்கேற்ற பெட்ரோலும் போகிறது. ஆனால் அத்தனை காற்றும் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு முழ ரப்பர் குழாய். ஓட்டைதான், வேறென்ன என்று அதைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, காற்றேற்றி வாளித் தண்ணீரில் அமுக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

பிளக்குகளையும் குழாயையும் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் குழாயில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். காற்று இழுபடும் சீறல் கேட்டது. அதற்கு அடியில், மெதுவாக, வேறொன்று.

சாவியைத் திருப்பி அணைத்தார். சீறல் நின்றது.

அது நிற்கவில்லை.

குழாயின் ஒரு முனையைக் கழற்றி உள்ளங்கையால் மூடினார். தோல் உள்ளே இழுபட்டது. விட்டது. வெதுவெதுப்பாக ஒரு காற்று கையில் பட்டது. மறுபடி இழுத்தது.

தன் மூச்சும் அதே தாளத்தில் போவதைக் கவனித்தார். நிறுத்தினார். அது தொடர்ந்தது. மறுபடி மூச்சை இழுத்தபோது நெஞ்சுக்குள் எதுவும் வரவில்லை. வாய் திறந்தது. காற்று இல்லை. கண்ணில் இருட்டு.

பட்டறையின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் போய் விழுந்தார். முழங்காலில் கையூன்றி வெகுநேரம் மூச்சிரைக்க நின்றார். பயத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. இந்த வண்டியை இனி யாரும் தொடக் கூடாது, அதை மட்டும் நர்ஸிடம் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நர்ஸ் ஷட்டர் ஓரமாக நின்று குடையை உதறிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் தோள்வரை நனைந்திருந்தது.

"ரெடியாண்ணே?"

"இந்த வண்டில ஏறாதம்மா. இங்கேயே கிடக்கட்டும்."

அவள் களைப்பாகச் சிரித்தாள். "பாப்பா அப்பவே ஏறிட்டாளேண்ணே. ஸ்கூல்லேர்ந்து நனைஞ்சுட்டே வந்தா. இதுல ஏறினா மட்டும் உடனே தூங்கிடுவா, எழுப்பவே முடியாது."

அவர் ஓடினார்.

பின்சீட்டில் சிறுமி கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாய்க்கு நேரே கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது.

முன்னால், யாரும் இல்லாத டிரைவர் சீட்டின் கண்ணாடியில், உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஆவி படர்ந்தது. சுருங்கி மறைந்தது. முன்னைவிடப் பெரிதாக, மறுபடி படர்ந்தது.