நாற்பத்தொன்றாம் ஆணி

புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்த அந்தத் தாழ்வாரத்தில், நாற்பத்தொன்றாம் அறை வாசலில் மட்டும் திரிந்த பால் நாறியது. மூன்று முறை பினாயில் ஊற்றிக் கழுவியும் போகவில்லை.

“எவனோ சோம்பேறி டீயக் கொட்டியிருக்கான்,” என்று காண்ட்ராக்டர் தன் விலை உயர்ந்த சென்ட்டை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தார். அவருக்குத் தெரிந்து உலகத்தில் இரண்டே ரகம்: சோம்பேறிகள் ஒன்று, அவர் ஒன்று.

வெள்ளைக்காரன் கட்டிய சிறை அது. அறுபது அறை. அதைத்தான் சொகுசு விடுதியாக்கிக்கொண்டிருந்தார். நாளை திறப்பு விழா. கசையடி கொடுத்த முற்றத்தில் நீச்சல் குளம், தூக்குமர அறையில் மதுக்கூடம். செத்தவன் காலில் கிடந்த விலங்கைக்கூடப் பளபளக்கத் தேய்த்து வரவேற்பறையில் தொங்கவிட்டிருந்தார். வெட்கம் அவருடைய டெண்டரில் இல்லாத சரக்கு.

நுழைவாயில் சுவரில் பழைய பலகை ஒன்று. அறுபது ஆணி, ஆணிக்கு ஒன்றாக எண் பொறித்த தகரத் தகடு. அவற்றில் நாற்பத்தொன்றைக் கழற்றித் தன் கார் சாவியில் கோத்துக்கொண்டார்.

கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்தார்.

“சார், ஆறு மணிக்குள்ள அதத் திரும்ப மாட்டிடுங்க.”

“ஏன், ஜெயிலர் பேய் வந்து கேக்குமா?”

“உலகச் சண்டை நடந்தப்போ வெள்ளைக்காரன விரட்டிட்டு வேற ராணுவம் வந்து இந்த ஜெயில எடுத்துக்கிச்சு சார். தினம் ஆறு மணிக்கு ஆள் எண்ணுவாங்க. உள்ள ஒருத்தன் செத்தா அவன் தகட்டக் கழட்டிடுவாங்க. ஆனா கணக்குல அறுபது குறையக் கூடாது. குறைஞ்சா எண்ணுறவனுக்கே உதை. அதனால கையில கிடைச்சவன உள்ள தள்ளி, தகட்ட மாட்டிடுவாங்க. எங்க தாத்தா பால் ஊத்த வந்தவரு. கேனோட போனாரு. நாப்பத்தொண்ணு.”

“பால்ல தண்ணி கலந்திருப்பாரு!” தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார் காண்ட்ராக்டர். “போய்யா, கீலப் பாரு.”

தச்சர் குனிந்து கீலை முடுக்கினார். ஐந்தே முக்காலுக்கு உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே காரில் காண்ட்ராக்டரின் மனைவி காத்திருந்தாள். காண்ட்ராக்டர் மட்டும் விளக்குகளைச் சரிபார்த்தபடி தாழ்வாரத்தில் நடந்தார்.

ஆறு அடித்தது. பால் நாற்றம் சட்டென்று நின்றுபோயிற்று.

வெறுங்கால்கள் மெல்ல ஈரத்தில் பதிவது போன்ற சப்தம் அவரைத் தாண்டி வாசல் பக்கம் போனது. கூடவே தகரக் கேனின் கைப்பிடி, கிணுங், கிணுங்.

“யார்றா அது?”

யாருமில்லை. ஆனால் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இரும்புத் தடி ஒன்று முதல் கதவைத் தட்டியது. டங். அடுத்த கதவு. டங்.

“யோவ் தச்சரே, விளையாட்டு வேணாம். கூலியக் குறைச்சிடுவேன்!”

டங். டங். நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் புதிதாகப் போட்ட விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

நின்றது.

தகடு! பலகைக்கு ஓடி மாட்டிவிட்டால் போதும். சட்டைப் பையைத் துழாவினார். சாவி இருந்தது. தகடு இல்லை.

காலடியில் பளிங்குத் தரை இல்லை. ஈர மண். மூன்று பக்கமும் சுவர், எதிரே கதவு. சாத்திய கதவு. விரல் நுழையும் துவாரம்.

கண்ணை வைத்தார். தூரத்தில் பலகை தெரிந்தது. அறுபது ஆணியிலும் தகடு. ஒன்று மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மனைவி தாழ்வாரத்தில் வந்தாள், பின்னால் தச்சர். காண்ட்ராக்டர் உள்ளிருந்து கதவைக் குத்தினார். கத்தினார். அவள் ஒரு முழத் தூரத்தில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

“அவரு சென்ட் வாசனை அடிக்குது. ஆளக் காணோமே?”

தச்சர் பலகையை நோக்கித் திரும்பி நடந்தார். ஆடும் தகட்டைப் பார்த்தார். கை நீட்டினார். விரல் பட்டது.

“கழட்டுய்யா! ஐயா, கழட்டுங்க!”

தச்சர் அந்த அம்மாளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கழற்றினால் கணக்கில் ஒன்று குறையும்; கட்டடத்துக்குள் கையில் கிடைக்க இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வாங்கம்மா. ஆறு மணிக்கு மேல இங்க நிக்கக் கூடாது.”

வாசல் கதவு சாத்தப்பட்டது.

காண்ட்ராக்டர் முகத்துக்கு நேராக, டங்.

பிறகு அடுத்த கதவு.