பின்னணி நீக்கிய சிரிப்பு

"அப்பா மட்டும் போதும். கூட யாரு இருந்தாலும் வெட்டிருங்க. உயிரோட இருக்கிறவங்க மேல மாலை விழப்படாது" என்றாள் பூரணி.

"தலைக்குள்ளயும் வெட்டு விழும், தெரியும்லா?" நினைவெடுப்பானைத் துடைத்துக்கொண்டே கேட்டார் பட நிலையக்காரர் நவநீதன்.

யாருக்குத்தான் தெரியாது? கேமராக்கள் காயலான் கடைக்குப் போய் இருபது வருடமாகிறது. இப்போது படம் வேண்டுமென்றால் மண்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நினைவுக்கு நகல் கிடையாது. அச்சுக்கு எது போகிறதோ அதுதான் தலைக்குள்ளும் மிஞ்சும். பிறர் நினைவைப் பார்ப்பது குற்றம் என்பதால், திரையை அணைத்துவிட்டுக் கருவியே வெட்டிவிடும்.

நாளை அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். அம்மாவுக்கு அவரோடு வாழ்ந்த நாற்பது வருட நினைவு இருக்கிறது. அதில் ஒரு பொழுது குறைந்தால் குடியா முழுகிவிடும்? பூரணி கையெழுத்துப் போட்டாள்.

அவளிடம்தான் எடுக்கும்படியான நினைவு எதுவும் இல்லை. அப்பா சங்கரபாண்டி மகளிடம் பேச்சைக்கூட அளந்து போட்டவர். அந்த மனிதருக்குத் தன் மேல் பாசம் என்று ஒன்று இருந்ததா? முப்பத்தொரு வருடம் கேட்கத் துணியாத கேள்வி அது. இனி யாரிடம் கேட்பது?

நாற்காலியில் சாய்ந்த அம்மா செண்பகவல்லி அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க அப்பா ஒரே ஒரு நாள் வாய்விட்டுச் சிரிச்சாருட்டி. அதையே எடுத்துத் தாரேன். வெளிய வந்து கதையைச் சொல்லுதேன்."

"சரிம்மா, நேரமாகுது" என்றாள் பூரணி.

கால் மணி நேரத்தில் படம் வந்தது. நீலப் பின்னணியில் அப்பா, கண்ணோரம் சுருங்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பார்வை கீழே இருந்தது. இடது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. வலது கை அதன் அடியில் தாங்கலாக நீண்டிருந்தது. கைகளுக்கு நடுவே வெறும் நீலம். பூரணி படத்தை அம்மாவிடம் காட்டினாள்.

"எம்மா, கையில யாரு? யாரைப் பாத்துச் சிரிக்காரு?"

செண்பகவல்லி கண்ணை மூடித் தேடினாள்.

"உங்க அப்பா நிக்காரு. சிரிக்காரு. சுத்தி ஒரே நீலமா இருக்குட்டி."

"நல்லா யோசிம்மா. நானா?"

அம்மா மறுபடி தேடினாள். நெற்றி வியர்த்தது. கண்ணைத் திறந்தவள் மகளின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"நீதாம்ட்டி. வேற யாரு? நீயேதான்" என்றாள் அவசரமாக.

மகளுக்காக அம்மா எந்தப் பொய்யும் சொல்வாள் என்பது பூரணிக்குத் தெரியும். படத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கடை என்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.

"வெட்டு சுத்தமா விழலியோ?" என்று கேட்டார் நவநீதன்.