பாங்க் மூடியாச்சு!

"ஐயய்யோ...! யாராவது ஓடி வாங்களேன்!"

கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் போட்ட அலறலில் சீட்டு கிளப்பின் மாடிப்படியே ஒரு ஆட்டம் ஆடியது.

கையில் துடைப்பம். எதிரே திறந்த கதவு. உள்ளே...

பாங்க் செத்துக் கிடந்தார்!

பாங்க் என்றால் கட்டிடம் இல்லை. ஆள்! போக்கர் ஆடித் தோற்றவர்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிற பெரிய மனிதர். கீழே டேபிள்கள். மேலே இவருடைய அறை. தோற்றவன் தொங்கிய முகத்தோடு படியேறுவான். கொஞ்ச நேரத்தில் மலர்ந்த முகத்தோடு இறங்கி, மறுபடி உட்கார்ந்து, அதையும் தோற்பான். அதனால் அந்தப் பெயர் வந்தது.

இனி அவர் யாருக்கும் கொடுக்க முடியாது. பின் மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே, பந்தயம் கட்டுகிற சிப்ஸ் வில்லைகளை அடுக்கும் அலுமினியப் பெட்டி. அதன் மூலையில் ரத்தம்...

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்துவிட்டார். பின்னாலேயே தொப்பையும் மூச்சிரைப்புமாக ஏட்டு.

"பாங்க் கொள்ளையா மேடம்?"

"கொள்ளை இல்ல. பீரோ பூட்டினபடி இருக்கு."

"அப்ப பாங்க் திவால்னு எழுதிக்கவா?"

"ஏட்டய்யா... பொணத்துக்கு முன்னாடியாவது கொஞ்சம் வாயை மூடுங்க!"

ஏட்டு மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு.

இருவரும் மாடி முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார்கள். கிளப் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"காலையில மேல யார் போனாங்க?"

"ஒரே ஒரு அம்மாதான் மேடம். நம்ம சிலையோட அக்கா. போட்டாங்க பாருங்க ஒரு சத்தம்... 'உன்னை ஒழிச்சுக் கட்டிடுவேன்'னு! கீழ வரைக்கும் கேட்டுச்சு."

"சிலையா? அது யாரு?"

மேனேஜர் மூலை டேபிளைக் காட்டினார்.

அங்கே ஒருவன் தனியாக உட்கார்ந்து, விரல்களுக்கு நடுவே சிப்ஸைச் சுழற்றிக்கொண்டிருந்தான். மாடியில் ஒரு பிணம் கிடக்கிறது. இவன் முகத்தில் ஈ உட்கார்ந்தால் கூட வழுக்கி விழுந்துவிடும்!

போக்கர்தான் அவனுக்குத் தொழில். ஒரு காலத்தில் ராஜா! எதிராளி எச்சில் விழுங்கினால் போதும், கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா பயமுறுத்துகிறான் என்று சொல்லிவிடுவான். இந்த ஒரு வருஷமாகத்தான் எல்லாம் சறுக்கல். தோற்றான். கடன் வாங்கி ஆடினான். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி ஆடினான். அக்காவின் வளையல் போனது. பிறகு ஸ்கூட்டர். அவள் தன் மகன் காலேஜுக்கென்று வைத்திருந்த பணம்... அதை மட்டும் இவனே எடுத்தான். சொல்லாமல்!

"காலையிலேர்ந்து இவர் இங்கதான் இருந்தாரா?"

"இங்கதான் மேடம். நடுவுல ஒரு தடவை பாத்ரூம் போனாரு. அவ்வளவுதான்."

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருந்தவளை அந்த வெள்ளைக் கோட்டோடேயே கூட்டி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னார்கள்.

"செத்துட்டாரா? நான் பார்க்கும்போது டீ குடிச்சுக்கிட்டிருந்தாரே மேடம்!"

"எதுக்கு வந்தீங்க?"

"என் தம்பிக்கு இனிமே கடன் கொடுக்காதீங்கன்னு சொல்ல."

"சொன்னீங்களா... மிரட்டினீங்களா?"

"முதல்ல கெஞ்சினேன். அப்புறம் அழுதேன். எதுக்கும் அவர் மசியலை. அதனால கத்தினேன். எனக்கு வேற என்ன மேடம் செய்யத் தெரியும்?"

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலை. 'போம்மா, வேலைக்கு நேரமாகுதுல்ல'ன்னாரு. வந்துட்டேன்."

"அவரை உயிரோட கடைசியா பார்த்தது நீங்கதான். ஒழிச்சுடுவேன்னு சொன்னதும் நீங்கதான்..."

அக்கா தம்பியைத் தேடினாள். மூலை டேபிளுக்கு ஓடினாள்.

"டேய்... சொல்லுடா! நான் கரப்பான்பூச்சியைக் கூட அடிக்க மாட்டேன், உன்னைத்தான் கூப்பிடுவேன்னு சொல்லுடா!"

சிலை நிமிரவில்லை.

"நான் கீழ இருந்தேன்க்கா. எனக்கு என்ன தெரியும்?"

"என்னடா இப்படிச் சொல்றே? என் வேலை போயிடும்டா! சாயங்காலம் பையன் வந்து பூட்டின வீட்டு வாசல்ல நிப்பான்டா... ஒரு வார்த்தை சொல்லேன்டா!"

சிப்ஸ் விரலிடுக்கில் சுழன்றது. டக்... டக்... டக்...

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்றவள் இல்லாத வீட்டில் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி! யாரிடம் போய் முறையிடுவாள்?

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை இழுத்து சிலைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மூஞ்சியைப் பார்த்தே பொய்யைப் பிடிச்சிடுவீங்களாமே?"

மேனேஜர் மூக்கால் சிரித்தார்.

"அது அந்தக் காலம் மேடம்! இப்ப இவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. நேத்து சீட்டு பிடிச்ச பொடியன் கூட இவரை ஏமாத்திட்டுப் போறான்."

சிலையின் கன்னத்தில் ஒரு சதை துடித்தது. ஒரே ஒரு தரம்.

இன்ஸ்பெக்டரம்மா தரையில் கிடந்தவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அழாதீங்கம்மா. இனிமே பேசிப் பிரயோஜனம் இல்ல. மாடி வராந்தாவுல கேமரா இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டு உள்ள போற ஆளோட முகம் பளிச்சுன்னு விழுந்திருக்கு. உங்க முகம்தான்!"

"என் முகமா...?"

அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானா மேடம்? எனக்கு ஞாபகமே இல்லையே... கேமராவே சொல்லுதுன்னா... ஐயோ, ஆத்திரத்துல நான்தான் ஏதாவது பண்ணித் தொலைச்சுட்டேனா?"

"அடப்பாவமே..." என்றார் மேனேஜர்.

எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

ஒருவனைத் தவிர!

சிலை இன்ஸ்பெக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் விரல் கைக்கடிகார வாரைத் தடவியது. தொண்டை ஏறி இறங்கியது. ஒரு வருஷமாக எந்த முகத்தைப் பார்த்தாலும் பனிமூட்டமாகத் தெரிந்த அவனுக்கு, இன்று கண்ணாடி மாதிரி தெரிந்தது.

உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவன் பக்கம் யாரும் திரும்பியே இருக்க மாட்டார்கள். ஆனால் எதிராளி வெறுங்கையோடு மிரட்டுகிறான் என்று தெரிந்த பிறகு 'காட்டு உன் சீட்டை' என்று கேட்காமல் எழுந்து போக, போக்கர் ஆடுகிறவனுக்குக் கால் வருமா?

அவன் கையிலிருந்த சிப்ஸ் நின்றது.

சிலை சிரித்தது!

"அடிச்சு விடாதீங்க மேடம்."

"என்னது?"

"புளுகறீங்க. வாட்ச்சைத் தடவறீங்க, எச்சில் முழுங்கறீங்க... எனக்கா கண்ணு அவிஞ்சு போச்சு? யார் முகம் மேடம் விழுந்திருக்கு? ஜோக்கர் முகமா?"



மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஜோக்கரா? போக்கர்ல அதுக்கு வேலையே இல்லையேப்பா! புதுக் கட்டு பிரிச்சதும் தூக்கிப் போட்டுடுவோமே..."

இன்ஸ்பெக்டரம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து டேபிளில் வைத்தார். உள்ளே ஒரு ஜோக்கர் சீட்டு! நான்கு ஓரத்திலும் டேப்.

"நீ சொன்னது சரிதான். நான் புளுகினேன். கொலை நடந்தப்போ கேமராவுல ஒரு ஈ கூட விழலை. இதை லென்ஸ் மேல ஒட்டியிருந்தாங்க. பிரிச்சு எடுக்கறப்போ நானும் ஏட்டும் மட்டும்தான் இருந்தோம். இது தெரிஞ்ச மூணாவது ஆள்..."

"ஒட்டின ஆள்!" என்றார் ஏட்டு.

"அந்தம்மா தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டாங்க. அந்த அளவுக்கு நான் சொன்னதை நம்பினாங்க. நம்பாம இருக்க ஒருத்தனாலதான் முடியும். உன்னை மடக்க எனக்கு வேற வழியே இல்லாம இருந்தது. நீயா வந்து மாட்டிக்கிட்டே!"

சிலையின் கையிலிருந்த சிப்ஸ் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டது.

"ஏன்டா கொன்னே? கடனைத் திருப்பிக் கேட்டாரா?"

"கேட்டிருந்தா பரவாயில்லையே மேடம்..." என்றான் சிலை. "கடன் மொத்தமும் தள்ளுபடின்னு போன்ல சொன்னாரு."

"என்னது?"

"'உங்கக்கா அழுததைப் பார்த்ததுலேர்ந்து டீ கூட இறங்கலைடா. பழசை எல்லாம் மறந்துடு. ஆனா இன்னியோட பாங்க் மூடியாச்சு. நான் மட்டும் இல்ல, வேற எவனும் உனக்குக் கொடுக்க மாட்டான். எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்'னாரு. இன்னிக்கு சாயங்காலம் பெரிய ஆட்டம் மேடம்! எப்படி உக்காருவேன்? போனை வெச்சேன். டேபிளைப் பார்த்தேன். தாங்க முடியலை. கிடந்த ஜோக்கரையும் டேப்பையும் எடுத்துக்கிட்டு, பாத்ரூம் போற சாக்குல அந்தச் சிப்ஸ் பெட்டியோட மேல போனேன்..."

"பீரோ பூட்டினபடி இருந்துச்சே?"

"நம்பர் பூட்டு. என்னென்னமோ நம்பர் போட்டுப் பார்த்தேன்... அதுலயும் தோத்துட்டேன்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய அழுகை பலித்துவிட்டது! அந்த மனிதர் இரங்கிவிட்டார். இரங்கியதால்தான் செத்தார். வாயே திறக்காமல் வேலைக்குப் போயிருந்தால்...

தட்டுத்தடுமாறி எழுந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள். அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டாள்.

"டேய்... நீ மாட்டிப்பேன்னு தெரிஞ்சும் என்னைக் காப்பாத்தத்தானேடா வாயைத் திறந்தே? ஆமான்னு மட்டும் சொல்லுடா. அது போதும் எனக்கு!"

அவன் அவளைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதுதானே அவனுக்குத் தொழில்?

"இல்லக்கா. அவங்க புளுகறாங்கன்னு தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சப்புறம் எப்படிக்கா சும்மா இருக்கறது?"

அவள் கை தானாகச் சட்டையை விட்டது. கழற்ற மறந்த வெள்ளைக் கோட்டோடு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள்.

ஏட்டு விலங்கோடு வந்தார். வாசலுக்கு நடத்திக்கொண்டு போகும்போது சிலை அவர் காதருகே குனிந்தான்.

"ஏட்டய்யா... சாயங்கால ஆட்டத்துல எனக்குப் பதிலா ஒரு பையனை உக்கார வைக்கறேன். ஜெயிச்சா உங்களுக்குப் பாதி. கொஞ்சம் பணம் கடனா புரட்ட முடியுமா?"

ஏட்டு அவன் மணிக்கட்டில் விலங்கைப் பூட்டினார்.

"என்கிட்ட கடன் கொடுக்க இது ஒண்ணுதான் தம்பி இருக்கு. ஸ்டேஷன் போனதும் மறக்காம திருப்பிக் கொடுத்துடு... கவர்மெண்ட் சொத்து!"