தலை எண்ணுகிறவன்

நீரேற்று நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். சனிக்கிழமை. பிடித்தால் விடமாட்டேன் என்கிற மழை. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் அறைக்குள்ளேயே அடைந்து புழுங்கக் கூடாது என்று எங்கள் கல்லூரியில் வாராவாரம் ஒரு வேனில் எங்கேயாவது கூட்டிப் போவார்கள். ஒரு வாரம் கோட்டை, ஒரு வாரம் அருவி. அந்த வாரம், நகரத்துக்கு ஒரு காலத்தில் தண்ணீர் அனுப்பிய பழைய கட்டடம். ஏரிக்கரையில் கறுத்த செங்கல் சுவரும் உயரமான கம்பி ஜன்னல்களுமாக நின்றது. சும்மா கூட்டிப் போகிறார்கள் என்றால் கிணற்றைக் காட்டினாலும் நாங்கள் போவோம்.

இந்தப் பயணங்களில் தலை எண்ணுவது என் வேலை. வேன் கிளம்பும்போது பன்னிரண்டு பேர் இருந்தால் திரும்பும்போதும் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். என்னை ஏன் இதற்குப் போட்டார்கள் என்றால், நான் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். சாப்பிட்டேன், நல்லாருக்கேன், அப்பா எப்படி, வச்சிடறேன். நாலே வாக்கியம்.

பக்கத்து அறைக்காரன் எனக்கு நேர் எதிர். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒரு வயது சின்னவன். ஆனால் மரியாதை கிலோ என்ன விலை என்று கேட்பான். எனக்கு அவன் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். முதல் பயணத்தில் எனக்குப் பதினொரு தலைதான் வந்தது. ஒருவரை எங்கோ விட்டுவிட்டேன் என்று வேர்த்து விறுவிறுத்து மூன்று முறை எண்ணினேன். வேனே குலுங்கச் சிரித்தவன் அவன்தான்.

"கோட்டான் அண்ணா, உன்னையும் சேர்த்து எண்ணு!"

அவன் அம்மா ஒருநாள் போனில் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "தம்பி, இவன் பராக்குப் பார்த்துக்கிட்டே நின்னுடுவான். கூட்டிட்டுப் போற இடத்துலேர்ந்து பத்திரமா கூட்டிட்டு வந்துடு." நான் சரிம்மா என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும்.

நிலையத்தின் வாசலில் ஒரு கேட். கேட்காரர் வயதானவர், காதில் பஞ்சு அடைத்திருந்தார். குளிருக்காக என்று நினைத்தேன். கையில், அமுக்கினால் எண் ஏறும் சின்னப் பொறி ஒன்று. நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போகப் போக அது டிக், டிக் என்றது.

மழைக்கு எங்களுக்கு ஒரே மாதிரி மஞ்சள் கோட்டு கொடுத்திருந்தார்கள், தலையை மூடுகிற தொப்பியோடு. உள்ளே பம்புகள் துருப்பிடித்துக் கிடந்தன. எண்ணெயும் தேங்கிய தண்ணீரும் கலந்த வாடை. ஒரு மூலையில் கீழே இறங்கும் இரும்புப் படி. ஏழெட்டுப் படிக்குக் கீழே இருட்டு. ரேடியோ அந்தப் படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டான்.

"சாப்பிட்டேன்மா. குளிர்தான், ஸ்வெட்டர் போட்டிருக்கேன். கண்ணுக்கு மருந்து விட்டியா?" நடுவில் ஒரு இருமல். "சரி, வச்சிடட்டுமா?"

நேரமாச்சு, வா என்றேன்.

"நீ போ, பின்னாலயே வர்றேன்."

நான் போனேன். வேனில் ஏறி எண்ணினேன், என்னையும் சேர்த்து. பன்னிரண்டு. எல்லோரும் தொப்பியை இழுத்துவிட்டுத் தூங்கி வழிந்தார்கள். தலையை எண்ணினேன், முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும் வழி முழுக்க வேன் அமைதியாக இருந்தது. ரேடியோ இருக்கிற வேன் எப்படி அமைதியாக இருக்கும் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டோடு பேசுவது கேட்டது. சாப்பிட்டேன்மா. குளிர்தான். கண்ணுக்கு மருந்து. வழக்கமான பேச்சு. நான் திரும்பிப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் அம்மா என்னிடம் பேசினார்கள். குரலில் படபடப்பு. "தம்பி, நேத்து எவனோ போன் பண்ணி எம்புள்ள குரல்லயே அழறான். அம்மா, நான் இங்க மாட்டிக்கிட்டேன், கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கறான். எல்லாம் பணம் பிடுங்கற கும்பல்னு மூத்தவன் சொன்னான். திட்டி வச்சிட்டேன்." நல்ல வேலை செய்தீர்கள் என்றேன். அந்த ஞாயிறு என் அம்மாவிடம் வழக்கமான நாலு வாக்கியத்தோடு ஐந்தாவதாக ஒன்றும் சொன்னேன். "அம்மா, என்னை மாதிரியே பேசி யாராவது அழுதா, எதுவும் கேக்காம உடனே வச்சிடு."

போனை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பேசினான்.

சாப்பிட்டேன்மா. குளிர்தான், ஸ்வெட்டர் போட்டிருக்கேன். கண்ணுக்கு மருந்து விட்டியா?

அதே இடத்தில் இருமல்.

அதே நீளத்துக்கு இடைவெளி.

சரி, வச்சிடட்டுமா?

எழுந்துபோய் அவன் கதவைத் தட்டினேன். அவன் கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தான். கதவுக்குப் பின்னால் மஞ்சள் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு நாளாக ஒரு துளி மழை இல்லை. அறை முழுக்க எண்ணெயும் தேங்கிய தண்ணீரும்.

"ரேடியோ, உனக்கு என்ன ஆச்சு?"

"நீ போ, பின்னாலயே வர்றேன்" என்றான்.

அந்த வாரம் முழுக்க அதைக் கவனித்தேன். அதனிடம் மொத்தம் ஐந்தாறு வாக்கியம்தான் இருந்தது, எல்லாம் அந்தப் படியில் அவன் பேசியவை. வகுப்பில் எவருக்கும் தெரியவில்லை. ஊர் மொழி சரியாக வராத மாணவனிடம் யார் எத்தனை வாக்கியம் எதிர்பார்க்கிறார்கள்? அவன் அம்மாவுக்கும் தெரியவில்லை. "இப்பல்லாம் சண்டையே போடறதில்ல தம்பி, பொறுப்பு வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு குரல் தாழ்ந்தது. "அடுத்த மாசம் எனக்குக் கண் ஆபரேஷன். வருவியாடான்னு கேட்டா, வச்சிடட்டுமாங்கறான். நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

என்ன சொல்ல? உங்கள் மகனை நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன், வந்தது வேறு என்றா? சனிக்கிழமை தனியாகப் பஸ் பிடித்துப் போனேன்.

பட்டப்பகல். கேட்காரர் ஒரு முறை அமுக்கினார். டிக். படிக்குப் பக்கத்தில் நின்று மெல்ல அவன் பெயரைச் சொன்னேன்.

கீழே தண்ணீர் அசைந்தது.

"கோட்டான் அண்ணா?" புது வாக்கியம். அவன் குரல். "எவ்வளவு நேரமா கத்தறேன். மேல வர்ற படி முடியவே மாட்டேங்குது. வேன் போயிடுச்சா?"

மூன்று படி இறங்கினேன். இருட்டிலிருந்து வந்த காற்று, யாரோ முகத்துக்கு நேராக மூச்சுவிட்டது போலிருந்தது. நான் வீரன் இல்லை. திரும்பி ஓடினேன். அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஓடினேன்.

கேட்காரர் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பேசியது அந்த ஊர் மொழி. என் அரைகுறைக் காதுக்கு விளங்கியது இது.

"சத்தம் கேட்டுதா?"

தலையாட்டினேன்.

"இங்க கணக்கு என்னைக்கும் தப்பாது தம்பி. எத்தனை பேர் உள்ள போறாங்களோ, அத்தனை பேர் வெளிய வருவாங்க. யாருன்னு இந்தப் பொறிக்குத் தெரியாது." பஞ்சை மறுபடி அடைத்துக்கொண்டார். "தெரிஞ்சு என்ன பண்றது? எனக்கும் குடும்பம் இருக்கு."

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். ஒன்று உள்ளே போனால் ஒன்று வெளியே வரும். அதைக் கொண்டுபோய் உள்ளே விட்டால் ரேடியோ வருவான். இவ்வளவுதானே? அந்த வாரம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்கூட.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மழை. அதன் அறைக்குப் போய், வா என்றேன்.

"நீ போ, பின்னாலயே வர்றேன்."

மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தது. நானும் மஞ்சள் கோட்டுதான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. அதன் பக்கம் இருந்த என் தோள் மரத்துப்போயிருந்தது. கேட்டில் இரண்டு டிக். கேட்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரும்புப் படியைக் காட்டினேன். அது ஒன்றும் சொல்லாமல் இறங்கியது. தொப்பி இருட்டுக்குள் போயிற்று. தண்ணீர் அசைந்தது. பிறகு நின்றது.

கடவுளே, அவனைக் கொடுத்துவிடு என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

படியில் காலடி. தடதடவென்று, வழுக்கி, திட்டிக்கொண்டே.

"கோட்டான் அண்ணா! ஒரு மணி நேரமா தொண்டை கிழியக் கத்தறேன், நீ பாட்டுக்குப் போயிட்டியே! அம்மாவுக்குப் போன் போட்டா, மோசடிக்காரப் பயலேன்னு திட்டி வச்சிட்டாங்க. சொந்த அம்மா! இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்ல?"

அவன்தான். பிடித்துப் பார்த்தேன், கை சில்லென்று இருந்தது, உள்ளே சூடு இருந்தது. நான் அழுதேன். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு மணி நேரமில்லை, மூன்று வாரம் என்று நான் சொல்லவில்லை. கேட் தாண்டட்டும், அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொல்வோம், பிறகு மற்றது என்று இருந்தேன். வா, வா என்று அவனை முன்னால் தள்ளினேன். அவன் பேசிக்கொண்டே நடந்தான்.

கட்டடத்தைத் தாண்டியதும் என் ஷூ நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டினேன். எண்ணி நாலு விநாடி.

தலையைத் தூக்கினேன்.

முன்னால் ரேடியோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போனான்.

அவன் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் கோட்டு.

என் நடை. வலது தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு. பின்னாலேயே வருகிறேன் என்று அது நான் கதவைத் தட்டிய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

கத்தினேன். ஓடினேன். கேட் முப்பதடி தூரம்தான். ஓட ஓட அது முப்பதடியாகவே இருந்தது. ரேடியோ திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பேசுகிறவன். பக்கத்தில் ஒருவன் தலையாட்டினால் அவனுக்குப் போதும், என்னிடம் அவன் வேறு எதைக் கண்டான்?

டிக்.

டிக்.

அப்போதுதான் கணக்கு எனக்குப் புரிந்தது. உள்ளே வந்தது இரண்டு பேர், நானும் அதுவும். உள்ளே ஏற்கனவே ஒருவன். ஆக மூன்று. வெளியே போக இரண்டு பேருக்குத்தான் வழி. அதையும் அவனையும் கூட்டிக் கழித்துப் பார்த்தவன், என் தலையைச் சேர்த்து எண்ண மறந்துவிட்டேன்.

கேட்காரர் சங்கிலியைப் போட்டார். ஒரு கணம் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் காதுப் பஞ்சை அழுத்திவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். ஆபரேஷனுக்கு மகன் பக்கத்தில் இருப்பான். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை.

இங்கே எண்ணெய் வாடை. நாள் கணக்குத் தெரியவில்லை. கம்பி ஜன்னல் வழியே பகலெல்லாம் ஏரி தெரிகிறது. என் போனில் சார்ஜ் குறைவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று அதில் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"அம்மா, நான்தான்மா."

"யாரு?"

"நான்தான்மா பேசறேன். என்னைத் தெரியலையா?"

பின்னால் அப்பாவின் செருமல் கேட்டது. அந்தச் செருமலைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அம்மாவிடம் மூச்சுவிடாமல் பேசினேன். நான் மாட்டிக்கொண்டேன், அவன் நான் இல்லை, அவன் பேசினால் வேறு ஏதாவது கேள், சுவர் வழியே கேட்ட நாலு வாக்கியத்துக்கு மேல் அவனுக்குத் தெரியாது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"எம்புள்ள இவ்வளவு பேசமாட்டான்" என்றாள் அம்மா. "அவன் இப்பதான் பேசி வச்சான். சாப்பிட்டேன், நல்லாருக்கேன்னு சொன்னான்." பிறகு அப்பாவிடம் மெதுவாக, "என்னங்க, யாரோ அவன் குரல்லயே அழறாங்க, பயமா இருக்கு. இப்படிப் பேசினா எதுவும் கேக்காம வச்சிடுன்னு அவனே சொல்லியிருக்கான்."

வைத்துவிட்டாள்.

நான் சொன்ன சொல்லை அம்மா ஒருநாளும் தட்டியதில்லை.