பதினோரு யூனிட் விஷம்

அமராவதிபுதூர். 1968.

மாட்டுக் கொட்டகையில் வள்ளிக்கண்ணு செத்துக் கிடந்தாள். வாயோரம் நுரை... பக்கத்தில் பூச்சி மருந்து டப்பா.

கணவன் கோட்டைச்சாமி, நாற்பது ஏக்கர்க்காரன், தலையில் அடித்துக்கொண்டான்.

"அவளுக்குப் புத்துநோய்ங்கய்யா. மதுரையில ரத்த டெஸ்ட்டுல தெரிஞ்சுச்சு. மனசொடஞ்சு மருந்தைக் குடிச்சுட்டா."

ஊரும் அதையே சொன்னது. இன்ஸ்பெக்டர் மெய்யநாதன் கிட்டத்தட்ட நம்பிவிட்டார்.

கூட வந்திருந்த டாக்டர் குருநாதன்தான் கேட்டார். "என்ன டெஸ்ட்?"

"ஆசிட் பாஸ்படேஸ்ங்க. நாலு யூனிட்டுக்குள்ள இருக்கணுமாம். பதினொண்ணு இருந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். பிணத்தின் பக்கத்தில் சிரிப்பது அநாகரிகம்தான்... ஆனாலும் சிரித்தார்!

"அது ஆம்பளைக்கு மட்டும் இருக்குற சுரப்பியில புத்து இருக்கான்னு பாக்குறதுய்யா. பொம்பளைக்கு எதுக்கு எடுக்குறாக? ரத்தம் யாரோடது?"

கோட்டைச்சாமியின் மீசை துடித்தது.

"என்னோடதுங்க... ஆம்பளைக்கு நோயின்னா ஊருக்குள்ள மதிப்பு போயிரும். எங்க பக்கம் பொண்டாட்டிக்குன்னுதான் சொல்லுவோம். ஊரு நம்பணும்னு அவளும் பத்தியக் கஞ்சி குடிச்சா."

தன் நோயைக்கூட மனைவி தலையில் கட்டிய மாவீரன். தூ!

"நோயே இல்லாதவ எதுக்குய்யா மருந்தைக் குடிப்பா? அவளை ஏன்யா கொன்னே?" என்றார் மெய்யநாதன்.

"நான் போனப்புறம் என் வீட்டுல, என் சொத்துல, இவ வேற எவனோடயாச்சும்... நெனச்சுப் பாக்க முடியலைங்க. அந்தக் கஞ்சியிலயே கலந்துட்டேன்."

விலங்கு மாட்டப்பட்டது.

டாக்டர் விடவில்லை. "ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி ஆசனவாயில விரல் விட்டுச் சோதிச்சாகளா?"

"அன்னைக்குத்தாங்க..."

"சுரப்பி கசங்குனா அளவு தானா ஏறும். வெறும் நம்பரை வச்சு நோயின்னு முடிவு பண்ண முடியாது. திரும்ப வரச் சொல்லியிருப்பாகளே?"

"சொன்னாக. அந்த அசிங்கத்துக்கு மறுபடி எவன் போவான்னு இருந்துட்டேன்."

மறு வாரம் சப்-ஜெயிலில் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு யூனிட்!

மற்ற சோதனைகளிலும் ஒரு குறையும் இல்லை. வெறும் கௌரவத்துக்காக ஒரு பெண்ணின் உயிரைக் குடித்தவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப... நான் சாக மாட்டேனாய்யா?"

மெய்யநாதன் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"நோயில சாக மாட்டே. மத்ததை ஜட்ஜு பாத்துக்குவாரு."