அந்தக் கேன் நிறைகிறது

கேன் வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் முதலில் போன சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் ஒரே ஒரு தடவைதான் இதில் ஊற்றியிருந்தாள். அதற்குள் கால்வாசி நிறைந்திருந்தது.

"மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு விடாம இதுல பிடிங்கக்கா. கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லித்தான் லேப் பெண் இந்த வெள்ளைக் கேனைக் கொடுத்திருந்தாள். அக்காவின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இதில் தெரிந்துவிடும். தேறினால் ஒன்றைத் தம்பிக்கு வைப்பார்கள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் முடிந்து இது ஒன்றுதான் பாக்கி. இன்னும் தள்ளிப்போட்டால் அவன் உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"டேய், கேன்ல நீ எதையாவது ஊத்தித் தொலைச்சியா?"

கட்டிலில் கிடந்த தம்பி சிரித்தான். டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு அவனுக்குச் சிறுநீர் பிரிவதே நின்றுபோயிருந்தது.

"எனக்கு எங்கேருந்துக்கா வரும்? வந்தா தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் குடுக்க மாட்டேனா?"

வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. அலைச்சலில் கண்ணும் கணக்கும் மங்கிப்போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டு, கேன் இருந்த குளியலறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மத்தியானம் திரையை இழுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். தம்பியின் மூச்சில் எப்போதும் இருக்கும் அந்தக் கார நெடி, டெட்டால் வாசனை, ஃபேன் சுற்றும்போதெல்லாம் எங்கோ உரசும் கிறீச்சொலி எல்லாம் சேர்ந்து கண்ணைச் சொருகவைத்த நேரத்தில், பூட்டிய கதவுக்கு உள்ளே மெல்லிய தாரை ஒன்று பிளாஸ்டிக்கில் விழுவது கேட்டது. குழாய்ச் சத்தம் இல்லை. எழுந்து பூட்டில் கை வைத்தாள். நின்றது.

திறந்தாள். யாரும் இல்லை. கேன் பாதி.

கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் தம்பியிடம் இருக்கிறதா? அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. கதவை மறுபடி பூட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. காலையில் கேனில் ஊற்றிய அந்த ஒரு தடவைக்குப் பிறகு அவளுக்கு வரவே இல்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. உள்ளே தாரை விழும் ஒவ்வொரு தடவையும் அவள் அடிவயிறு லேசானது. நாக்கில் இரும்பு ருசி. மோதிரம் விரலை இறுக்கியது.

விடிந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எழும்பவில்லை.

"அக்கா! கதவைத் திற! எனக்கு வருதுக்கா!"

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தில் வீக்கம் துளிகூட இல்லை. நோய்க்கு முந்தைய அதே முகம். சந்தோஷத்தில் சாவியை உருவிப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

"கேன்ல போயிடாதடா!"

"சரிக்கா, சரிக்கா!"

உள்ளே தாழ் விழுந்தது. தாரைச் சத்தம். அவன் சிரித்தான். அவளும் சிரித்தபடி சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். சத்தம் நீண்டது. இன்னும் நீண்டது.

"அக்கா..."

"என்னடா?"

"நிக்க மாட்டேங்குதுக்கா."

கதவைத் தள்ளினாள். வீங்கிய கால்களில் பலம் இல்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நிறுத்தத் தெரியலக்கா. கேன் வழியுது. நான் அதுல போகலக்கா..."

குரல் மெலிந்துகொண்டே வந்தது. கதவின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ கசிந்து வந்து அவள் பாதங்களை நனைத்தது.

"தம்பி!"

கதவை ஓங்கி அறைந்தாள். தாரை விழுந்துகொண்டே இருந்தது.